சாவி இல்லாத இஞ்சின்

சுபாஷின் கால் சக்கரத்துக்கு அடியில் போகவில்லை. அவனுடைய பைக்குக்கும் இஞ்சினின் முன்கட்டைக்கும் நடுவில் சிக்கி நசுங்கியது. பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். "ரயிலு ஏறிடுச்சி!" என்று ஒரு பெண் கத்தினாள். அந்தக் கத்தல் அரை மைல் தள்ளியிருந்த ஏரிக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சுபாஷ் செத்தே போயிருந்தான். இங்கே தண்டவாளத்து ஓரத்தில் அவன் உயிரோடு படுத்து, டிரைவரின் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தான்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையை அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் வயலிலிருந்து கரும்பு இழுத்துவந்த இரண்டடி அகலத் தண்டவாளத்தில் இப்போது மூன்று பெட்டிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஆலை வாசலில் கிளம்பி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஊர்ந்து, ஓடைக்கரை வரை போய்த் திரும்பும். வேகமாக நடக்கிறவன் அதை முந்திவிடலாம். இழுப்பது நிஜமான நீராவி இஞ்சின். அதற்கு விறகு போட்டு, தண்ணீர் பார்த்து, தீயை மேய்க்கிற வேலை ஏஞ்சலினுக்கு. திருநாவலூர்ப் பக்கத்துப் பெண். இயற்பியல் படித்தவள். ஏறுகிறவர்கள் எல்லாம், "ஏம்மா, நீயா ஃபயர்மேன்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அதற்கு மேல் பேச்சு வராது அவளுக்கு.

ஏரிக்கோடி சாலையைத் தண்டவாளம் கடக்கிற இடத்தில் கேட் கிடையாது. ரயில் நிற்க வேண்டும். கார்டு இறங்கிக் கொடி காட்ட வேண்டும். பிறகுதான் நகர வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ரயில் நின்றது, கார்டு கொடி காட்டினான், ரயில் நகர்ந்தது. அப்போதுதான் சுபாஷ் பின்சீட்டில் மாட்டுத் தீவனத்துக்கான கரும்புக் கொழுந்தாடையை ஆள் உயரத்துக்குக் கட்டிக்கொண்டு, ரயில்தானே, மாட்டுவண்டி வேகம்தானே என்று குறுக்கே விட்டான். முன்சக்கரம் தண்டவாளச் சந்தில் மாட்டிக்கொண்டது. டிரைவர் தீனதயாளன் அந்த நேரம் பின்னால் திரும்பி, பெட்டியிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிப் படம் பிடித்த ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே!" என்று ஏஞ்சலின் அலறினாள்.

அவர் பிரேக்கை அழுத்தினார். ஒரு கை நீளம் தாமதம்.

கார்டு பிரிட்டோ அவ்வழியே வந்த மினி வேனை மறித்து, சுபாஷைத் தூக்கிப்போட்டு, தானும் ஏறி ஆஸ்பத்திரிக்குப் பறந்துவிட்டான். செய்ய வேண்டியதைத்தான் செய்தான். ஆனால் ஏரிக்கோடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்து சேர்ந்தபோது அங்கே சுபாஷ் இல்லை. ரத்தம் இருந்தது. ஒற்றைச் செருப்பு இருந்தது. நசுங்கிய பைக் இருந்தது.

"பொணத்த எங்கடா போட்டீங்க?"

கேட்டவர் தங்கதுரை, சுபாஷின் சித்தப்பா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தீனதயாளனின் சட்டையைப் பிடித்து இஞ்சினிலிருந்து கீழே இழுத்தார். அவர் விழுந்த இடத்தில் ஏற்கெனவே நாலு பேர் நின்றிருந்தார்கள். கையில் ஆளுக்கொரு கரும்பு. கரும்பு ஓர் அடிக்கு உடையாது. மூன்றாவது நாலாவது அடிக்கு நார்நாராய்ப் பிளந்து, பிளந்த முனை தோலைக் கிழிக்கும். தீனதயாளன் கையைத் தூக்கித் தலையை மறைத்தார். கையில் அடித்தார்கள். கையை இறக்கினார். காதில் அடித்தார்கள். ஒருவன் கீழே கிடந்த ஜல்லியை எடுத்து அவர் வாயில் இடித்தான். ஏஞ்சலினுக்குப் பல் உடைகிற சத்தம் கேட்டது. இஞ்சின் சத்தத்தையும் மீறி அது எப்படிக் கேட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உயிரோடதான் கீறாருங்க! ஜி.ஹெச்சுக்குப் போய்க்கினு கீறாருங்க!" என்று அவள் மேலிருந்து கத்தினாள். அவளுடைய குரலுக்கு அவ்வளவு தூரம் போய்ப் பழக்கமில்லை.

தீனதயாளனை இழுத்துப் போய், 'நில் கவனி செல்' என்று எழுதிய பலகைக் கம்பத்தில் அவருடைய துண்டாலேயே கட்டினார்கள். பெட்டிகளில் இருந்தவர்கள் ஜன்னல் பலகைகளை இறக்கிக்கொண்டார்கள். யாரோ ஒருவன் பலகை இடுக்கில் செல்போனை வைத்துப் படம் பிடித்தான். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெட்டியின் மேல் கற்கள் விழுந்தன. உள்ளே குழந்தைகள் கதறின.

தங்கதுரை இஞ்சின் படியில் ஏறினார்.

"சாவி எங்கடி?"

இந்தப் பக்கத்தில் அது ஒரு முறை. வண்டி ஆளை அடித்துவிட்டால் முதலில் சாவியைப் பிடுங்க வேண்டும். லாரியோ பஸ்ஸோ, சாவி ஊர்க்காரர் ஒருவரின் மடியில் இருக்கிறவரை வண்டி நகராது. பெரிய மனிதர்கள் வந்து பேசி, ஊருக்கு ஒரு மரியாதை கிடைத்த பிறகுதான் சாவி மடியை விட்டு வெளியே வரும். கெட்டிக்கார டிரைவர்கள் சாவியைத் தூர எறிந்துவிட்டு ஓடுவதும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. டீசல் டியூபை அறுத்துவிட்டால் வண்டி கல்லுப் பிள்ளையார்தான்.

"இதுக்குச் சாவியே இல்லீங்க."

"சாவி இல்லாம வண்டி கீதா? யாருக்குக் காது குத்தற?"

அவள் பையைப் பிடுங்கிக் கொட்டினார். டிபன் பாக்ஸும் ஜெபமாலையும் விழுந்தன. அவள் இடுப்பைத் தடவப்போன கையை ஏஞ்சலின் தட்டிவிட்டாள். அதற்கு ஓர் அறை விழுந்தது. விறகு அடுக்கின்மேல் சாய்ந்தவளின் தலைமுடியைப் பிடித்து அவர் இழுத்தபோது, கீழேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"மாமா, கைய எட்றா."

கையில் கரும்பு வெட்டுகிற கத்தியோடு ஒருத்தி நின்றிருந்தாள். தலையில் முண்டாசு, முழுக்கைச் சட்டை, முகமெல்லாம் கரும்பின் சோகை இலை கிழித்த கோடுகள். நிர்மலா. தண்டவாளத்தை ஒட்டிய குத்தகைக் கொல்லை அவளுடையது. அந்தக் கரும்புக்குள்ளிருந்துதான் வந்திருந்தாள்.

"நீ ஓரம் போ நிர்மலா. எங்க வூட்டுப் புள்ள போயிட்டான்."

"போகலன்னு அந்தப் பொண்ணு கத்திக்கினு கீதே, காதுல இன்னா வெச்சிக்கினு கீற? நானும் கேட்டேன், வேன்ல ஏத்துறப்போ அவன் கொடுத்த கெட்ட வார்த்தைய. பொணம் அப்படித் திட்டுமா? வயசுப் பொண்ணு இடுப்புல கை வெச்சி சாவி தேடறியே, உன் பொண்டாட்டிய கூப்புடட்டுமா, வந்து கூடத் தேடட்டும்?"

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். தங்கதுரைக்குச் சிரிப்பைவிட வேறு அவமானம் வேண்டியிருக்கவில்லை. முடியை விட்டார். கீழே குதித்தார். நிர்மலா படியில் ஏறி, கதவு இல்லாத அந்த வாசலில் கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"பம்புசெட்டுக்கே ஒழுங்கா பெல்ட் மாட்டத் தெரியாது, இவுரு ரயிலு சாவி எடுக்கறாராம்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தங்கதுரை இஞ்சினின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். தொட்டிக்கு அடியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு கருப்பு ரப்பர் ஓஸ் உள்ளே போனது. "தோ பார்ரா டீசல் டியூபு," என்றார். பக்கத்தில் இருந்தவனின் கத்தியை வாங்கி ஒரே வெட்டு.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"டேய், தண்ணிடா! ஜில்லுனு கீது!"

தீனதயாளனை அடித்தவர்களில் ஒருவன் குனிந்து அதில் கையைக் கழுவிக்கொண்டான். தண்ணீர் சிவப்பாகச் சாலைப் பக்கத்துப் பள்ளத்தில் ஓடியது. இஞ்சினின் இரண்டு பக்கத் தொட்டிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு ஓஸ் போனால் இரண்டும் காலி. ஏஞ்சலின் எட்டிப் பார்த்தாள்.

பாய்லருக்குள் தண்ணீர் குறையக் குறைய இந்தத் தொட்டியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். கிராசிங்கில் நிற்கும்போது ஏற்றுவது வழக்கம்; இன்று தாண்டிய பிறகு ஏற்றலாம் என்று விட்டிருந்தாள். அதே நேரம், தாண்டினால் மேடு என்பதற்காகச் சவுக்குக் கட்டைகளை நிறையப் போட்டிருந்தாள். தீ இப்போதுதான் முழு வீச்சில் பிடித்திருந்தது. மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நின்றது. அது தீப்பெட்டியின், அதாவது விறகு எரிகிற இரும்பு அறையின், கூரைக்குக் கீழே இறங்கினால் வெறும் இரும்பு நெருப்பில் காயும். கூரையில் ஓர் ஈய அடைப்பு உண்டு. அது உருகினால் நீராவி உள்ளே பாய்ந்து தீயை அணைக்கும், எதிரில் நிற்கிறவர்கள் வெந்துபோவார்கள். அது உருகியும் போதாமல் போனால் கூரை கிழியும். கிழிந்தால் இந்த இஞ்சின் இங்கே இருக்காது. முதல் பெட்டியும் இருக்காது.

"எல்லாரும் தூரப் போங்க! பாய்லர் வெடிக்கும்!"

"பூச்சாண்டி காட்டறாடா."

"நெசமாங்க! பெட்டியில கொழந்தைங்க கீது!"

"கொழந்தைங்கள வெச்சித் தப்பிக்கப் பாக்கறா!"

அதேநேரம் பாய்லர் மேலிருந்த சேஃப்டி வால்வு திறந்து நீராவி இரைந்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் முன்பைவிட நெருங்கியது. பயந்ததற்குச் சேர்த்து இப்போது கோபம். ஏஞ்சலின் மண்வாரியை எடுத்துக்கொண்டு கீழே குதித்தாள். மண்ணை அள்ளித் தீயின்மேல் போட்டால் அடங்கும். அறுவடைக்காகத் தண்ணீர் நிறுத்திய பூமி, இரும்புபோல் இறுகியிருந்தது. இரண்டு வாரி அள்ளுவதற்குள், அவள் ஆயுதம் எடுத்துவிட்டதாக ஒருவன் பாய்ந்தான். மண்வாரியைப் பிடுங்கி அதன் காம்பாலேயே அவள் மணிக்கட்டில் போட்டான். எலும்பு உடைந்ததா என்று பார்க்க நேரமில்லை. நிர்மலா அவளை அக்குளில் பிடித்து மேலே இழுத்தாள். அவனைக் காலால் நெஞ்சில் உதைத்தாள்.

"கிட்ட வந்தீங்க, கரும்புன்னு நெனச்சி வெட்டிப்புடுவேன்!"

பதிலுக்குக் கல் வந்தது. ஒன்று நிர்மலாவின் தோளில் பட்டது. இன்னொன்று அவளைத் தாண்டி உள்ளே போய்க் கண்ணாடிக் குழாயில் பட்டது.

குழாய் வெடித்துச் சிதறி, கொதிநீரும் ஆவியும் ஏஞ்சலினின் இடது கையில் முழங்கைவரை அடித்தன. அவள் கத்தினாள். கத்திக்கொண்டே, பார்க்காமலே, குழாயின் மேல் திருகையும் கீழ்த் திருகையும் மூடினாள். ஆவி நின்றது. கைத்தோல் வெளுத்து, சட்டைக் கையோடு ஒட்டிக்கொண்டது.

இனி எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

கம்பத்தில் கட்டியிருந்த தீனதயாளனுக்கு நினைவு இருந்தது. வாயில் ரத்தத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! எவ்ளோ இருக்கும்?"

அவர் தலையை ஆட்டினார். தெரியாது.

"தீய எறக்கட்டுமா?"

"எறக்காத ஏஞ்சலு. கொளுத்திப்புட்டன்னு கண்டதுண்டமா வெட்டிப்போடுவானுங்க."

தீப்பெட்டியின் அடித்தட்டைத் திறக்க ஒரு நெம்புகோல் இருக்கிறது. இழுத்தால் தட்டு சாய்ந்து, எரிகிற அத்தனை விறகும் தணலும் கீழே தண்டவாளத்தில் விழும். தீ போய்விட்டால் பாய்லர் பிழைத்தது. ஆனால் ஆலை முற்றத்தில் குழிமேல் நிறுத்திச் செய்கிற காரியம் அது. இங்கே இடப்பக்கம் கை எட்டுகிற தூரத்தில் நிர்மலாவின் கரும்பு. தை மாதத்து வெயிலில் காகிதமாய்க் காய்ந்த சோகை தண்டவாளம்வரை உதிர்ந்து கிடந்தது. ஓடிய தண்ணீர் அந்தப் பக்கம் போகவில்லை.

ஏஞ்சலின் தீக்கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள். உள்ளே வெள்ளையாக எரிந்தது. கூரையிலிருந்து ஏதும் சொட்டவில்லை. சொட்டினால் அதைப் பார்க்க அவள் இருக்கப்போவதில்லை.

"அக்கா, எறங்கிப் போங்க. கொல்லைக்கு அந்தப் பக்கம் போயிடுங்க."

"உன்ன வுட்டுட்டா? இவனுங்க மென்னு முழுங்கிடுவானுங்க."

"தீய எறக்கப் போறேங்கா."

நிர்மலா திரும்பினாள். "எங்க எறக்குவ?"

"கீழதான்."

நிர்மலா கீழே பார்த்தாள். தண்டவாளத்தைப் பார்த்தாள், சோகையைப் பார்த்தாள், தன் கரும்பைப் பார்த்தாள். கரும்பு வாங்குகிற வேறோர் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது. புதன்கிழமை ஆள் இறங்குவதாக இருந்தது.

"என் கரும்பு கீது டீ."

"தெரியும்க்கா."

"எறக்காத."

"வெடிச்சிடும்க்கா. அந்தக் கொழந்தைங்க…"

"பெட்டியக் கழட்டி வுட்ரு. தள்ளி வுட்டுட்றேன். இவனுங்கள நான் வெரட்றேன். ஒரு நிமிசம் பொறு. எறக்காத. என் வூட்ல வேற ஒண்ணும் இல்ல டீ…"

அவள் கை ஏஞ்சலினின் பாவாடையைப் பிடித்தது. ஏஞ்சலின் வலது கையால் நெம்புகோலை இழுத்தாள். அடிபட்ட மணிக்கட்டு அதுதான். பாதியில் நின்றது. உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டுத் தொங்கினாள்.

தட்டு விழுந்தது.

ஒரு கணம் இஞ்சினுக்கு அடியில் சிவப்பு மட்டும் தெரிந்தது. ஈரம் பட்ட தணல் படபடவென்று தெறித்தது. பிறகு சோகை பிடித்தது. அது எரிந்தது என்று சொல்லக் கூடாது, ஓடியது. மழை ஓடிவருவதுபோல ஒரு சத்தம். கொல்லையின் விளிம்பில் தீ ஆள் உயரம் எழுந்து, உள்ளே நுழைந்தபோது மூன்று ஆள் உயரமானது. கரும்பின் கணுக்கள் துப்பாக்கிபோல் வெடித்தன. உள்ளிருந்து காட்டுப்பன்றி ஒன்று முதுகில் புகையோடு பாய்ந்து வந்து, ஒருவனை இடறித் தள்ளிவிட்டுச் சாலையைக் கடந்து ஓடியது.

"கொளுத்திட்டாடா!"

ஆனால் யாரும் அவளிடம் வரவில்லை. அடுத்தது அவரவர் கொல்லை. கரும்பு எரிகிறபோது கோபத்துக்கெல்லாம் நேரமில்லை என்று அந்த ஊரில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தங்கதுரைதான் முதலில் ஓடினார். காற்று போகிற பக்கம் ஓடி, கத்தியால் கரும்பை வெட்டிச் சாய்த்து இடைவெளி போட்டார்கள். அவருடைய லுங்கி பற்றிக்கொண்டது. அவிழ்த்தெறிந்துவிட்டு அரைக்கால் டிராயரோடு வெட்டினார். பெட்டிகளில் இருந்தவர்கள் குதித்து, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளம் வழியே ஆலைப் பக்கம் ஓடினார்கள். ஏஞ்சலின் இறங்கித் தீனதயாளனின் கட்டைப் பல்லால் அவிழ்த்தாள். இரண்டு கையும் அவளுக்கு உதவவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தபோது நிர்மலாவின் கொல்லை முழுதும் முடிந்திருந்தது. மற்றவர்களுடையது தப்பித்தது. சுபாஷுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருப்பதாகவும், உயிருக்கு ஒன்றுமில்லை என்றும் பிரிட்டோ போனில் சொன்னான். போலீஸ்காரர் ஒருவர் எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டு நடந்தார்.

தங்கதுரை உடம்பெல்லாம் கரியோடு இஞ்சினைச் சுற்றி வந்தார். விரல் மடக்கிப் பாய்லரைத் தட்டினார்.

"வெடிக்கும்னாளே. எங்க வெடிச்சிது? பானையாட்டம் கம்முனு குந்திக்கினு கீது."

ஏஞ்சலின் தீனதயாளனைப் பார்த்தாள். அவர் உடைந்த வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கொஞ்சம் தண்ணி இருந்திருக்குமோ என்னமோ. அவசரப்பட்டுட்டியோ?"

அவள் மேலே ஏறினாள். உடைந்த குழாயின் கீழ்த் திருகை முழங்கையால் தள்ளித் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. மெல்லிய ஆவி வந்தது. அதாவது மட்டம் கண்ணாடிக்குக் கீழே போயிருக்கிறது. ஆனால் அது இப்போது. தீயை இறக்கிய பிறகும் வெகுநேரம் வால்வு வழியாக ஆவி போய்க்கொண்டிருந்தது. இழுத்த அந்த நிமிஷத்தில் எவ்வளவு இருந்தது என்று இது சொல்லாது. எதுவும் சொல்லாது. அவள் திருகை மூடினாள்.

படியிறங்கியபோது நிர்மலா நின்றிருந்தாள். முண்டாசு இல்லை. புருவம் கருகியிருந்தது. கையில் கருப்பாக ஒரு கரும்பு.

"வெடிச்சிருக்குமா?"

"வெடிச்சிருக்கும்க்கா."

"நெசமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் ஏஞ்சலினுக்கு.

"வெடிச்சிருக்கலாம்."

நிர்மலா தலையை ஆட்டினாள், கணக்கு சரி என்பதுபோல. "வெடிச்சிருந்தா நான் செத்திருப்பேன். செத்திருந்தா உன்ன ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்."

கரும்பை ஓங்கி அடித்தாள். முதல் அடி தோளில். இரண்டாவது கழுத்தில். போலீஸ்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, பெண்கள் விஷயம் என்பதுபோல் வேறு பக்கம் பார்த்தார். தீனதயாளன் எழுந்தார், ஏஞ்சலின் வேண்டாம் என்று தலையசைத்தாள். முகத்தை மறைக்கவில்லை. எரிந்த கரும்பு சூடாக இருந்தது, அடிக்கு அடி பாகு தெறித்து அவள் சட்டையில் ஒட்டியது. நிர்மலா அழவில்லை, திட்டவில்லை. கரும்பு பிளந்து நாராகும்வரை அடித்தாள்.

"நிர்மலா!" என்று கொல்லைக்குள்ளிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். "எரிஞ்ச கரும்ப நாளிக்குள்ள ஆலைக்கு ஏத்தலன்னா வெயிட்டு எறங்கிடும். ஆளுங்க கீறப்பவே வெட்டிடலாம், வா!"

நிர்மலா கையை இறக்கினாள். நாரைக் கீழே போட்டாள். புகைகிற கொல்லைக்குள் நடந்தாள். ஏஞ்சலின் வரப்புவரை பின்னாலேயே போய், கீழே கிடந்த ஒரு கத்தியை, பிடிக்க முடியாத கையால் எடுக்கப் பார்த்தாள்.

"வெக்காத கைய," என்றாள் நிர்மலா திரும்பாமலே.

தங்கதுரை டிராயரோடு ஏற்கெனவே முதல் வரிசையில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். நிர்மலா அவருக்குப் பக்கத்து வரிசையைப் பிடித்தாள்.